ஆடியில் பார்த்த மாடி, மார்கழியில் பார்த்த மாடி

ஸ்ரீரங்கத்தில் மாடிகளுக்கு சோலார் போட்டுக் கொடுக்கும் தொழிலில் இறங்கியிருக்கும் இரண்டு பேர் போன வாரம் எனக்கு எழுதியிருந்தார்கள். "நீங்க அந்தக் காலத்திலேயே அங்க போட்டிருக்கீங்களாமே, எப்படிப் போறது, எதைப் பார்க்கிறதுன்னு எழுதுங்களேன்" என்று. போட்டேன் என்பது உண்மை. போட்டதைக் கழற்றிக்கொண்டு வந்தேன் என்பதும் உண்மை. கழற்றிய அந்த ஒரு நாள் பயணத்தை எழுதினால் அவர்களுக்கு அதிகம் பிரயோஜனப்படும் என்று தோன்றுகிறது.

1984 மார்கழி, ஒரு சனிக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருந்தது. எனக்குப் பெரிய கடைவீதியில் பைப், வால்வு, டேப் விற்கிற கடை. தலையில் கூடை வைத்து ஸ்டவ் திரி விற்று வந்தவன் நான், எது விற்கும் எது விற்காது என்று மூக்கிலேயே தெரியும் என்ற நினைப்பு அப்போது எனக்கு இருந்தது. அந்த நினைப்பில்தான் சோலார் வெந்நீர் வியாபாரத்தில் இறங்கினேன். இன்றைக்கு மின்சாரம் தருகிற பேனல் அல்ல. கறுப்புப் பெயின்ட் அடித்த தகடு, அதில் பற்றவைத்த செம்புக் குழாய், மேலே கண்ணாடி, அடியில் சூட்டைப் பிடித்து வைக்கக் கிளாஸ் வுல். பம்பு கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறி டேங்குக்குப் போகும். அவ்வளவுதான்.

இதைச் செய்து கொடுத்தவன் சவரிமுத்து. கைலாசபுரத்தில், பெரிய தொழிற்சாலையில் வெல்டர். செம்பைப் பற்றவைப்பதில் அவனுக்கு இணை இல்லை. "இதையே தொழிலாப் பண்ணலாம் முத்து, நான் விக்கிறேன், நீ செய்" என்று ஆறு மாதம் அவன் காதிலேயே ஓதினேன். துவாக்குடி பக்கம் ஒரு ஷெட் பிடித்தான். நிரந்தர வேலையை ராஜினாமா செய்து கடிதமும் கொடுத்துவிட்டான். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அது நடைமுறைக்கு வருகிறது. அதற்குள் போய்க் கேட்டால் கடிதத்தைத் திருப்பித் தருவோம் என்று ஆபீஸில் சொல்லியிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு தபால் கார்டு. ராஜகோபுரத்துக்கு உள்ளே, தெருவின் கிழக்குப் பக்கம் இருந்த ஒரு யாத்ரீகர் சத்திரத்தில் எட்டு பேனல், ஆயிரம் லிட்டர் டேங்க் போட்டிருந்தோம். எங்கள் முதல் பெரிய வேலை, காட்டுவதற்கு இருந்த ஒரே வேலையும் அதுதான். மானேஜர் எழுதியிருந்தார்: "வெந்நீர் என்பது பெயருக்குத்தான். பகல்பத்து ஆரம்பிக்குமுன் தங்கள் சாமான்களை எடுத்துப்போகவும்." பகல்பத்து, அதாவது வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின பத்து நாள் உற்சவம், ஞாயிற்றுக்கிழமை ஆரம்பம். கார்டு வந்ததற்கு மறுநாள்.

சனிக்கிழமை காலை 5.40க்குப் பாலக்கரையில் பஸ் ஏறினேன். கைலாசபுரத்துக்குச் சுமார் பதினொரு கிலோமீட்டர், டிக்கெட் 90 காசு. அந்த நேரத்து பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகிறவர்கள் நெருக்குவார்கள், உட்கார இடம் கிடைக்காது. தொழிற்சாலை கொடுத்த குவார்ட்டர்ஸில் சவரிமுத்துவின் மனைவி லூர்து கதவைத் திறந்தாள். தையல் மெஷினில் பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் சட்டை பாதியில் கிடந்தது.

"வாங்கண்ணே, காபி போடுறேன்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "இந்த வீட்டைக் காலி பண்ண எத்தனை நாள் டயம் தருவாங்கன்னு விசாரிச்சீங்களா?" என்று கேட்டாள்.

நான் விசாரிக்கவில்லை. பேனல் விலை, கண்ணாடி விலை, விறகு விலை எல்லாம் விசாரித்தவன், அதை விசாரிக்கவில்லை.

"தண்ணி சுட்டா அவர் ஷெட்டுக்குப் போகட்டும். சுடலைன்னா திங்கக்கிழமை ஆபீசுக்குப் போகட்டும். எனக்கு ரெண்டும் சரி. ஆனா இன்னிக்குச் சாயங்காலம் எதுன்னு நீங்க எங்கிட்ட உண்மையைச் சொல்லணும்ணே. விக்கிறவங்க பேச்சு வேணாம்."

சவரிமுத்து பையைத் தோளில் மாட்டினான். பையில் ரம்பம், ஸ்பானர், ஒரு தெர்மாமீட்டர், ஒரு நோட்டு. 6.50க்குக் கிளம்பி டவுனில் இருக்கிற சத்திரம் பஸ் நிலையம் வந்து சேர்ந்தபோது 7.45. அங்கே ஆளுக்கு இரண்டு இட்லி, ஒரு காபி, சேர்த்து மூன்று ரூபாய் இருபது காசு. அவன் ஒரு இட்லியோடு நிறுத்திக்கொண்டான். ஸ்ரீரங்கத்துக்கு ஒன்றாம் நம்பர் பஸ், 60 காசு. காவிரிப் பாலம், மாம்பழச் சாலை, திருவானைக்கோயில் வழியாக இருபது நிமிஷம். பாலத்தில் பனி இன்னும் கலையவில்லை. நோட்டை மடியில் விரித்து வைத்து அதையே பார்த்துக்கொண்டு வந்தான். ஆடி மாதம் போட்டுக் கொடுத்தபோது மணிக்கு மணி சூட்டை எழுதி வைத்திருந்தான். ஒன்பது மணிக்கு ஐம்பது டிகிரி, பன்னிரண்டு மணிக்கு எழுபது.

ஏன் ஆடியில் போட்டோம் என்று கேட்பீர்கள். ஆடியில் கல்யாணம் கிடையாது, சத்திரம் காலியாக இருக்கும், மாடி முழுக்க நம் கையில். கொத்தனார், பிளம்பர் எல்லாம் சும்மா இருப்பார்கள், கூலி குறையும். ஊரே எதையும் தொடங்காத மாதத்தில் வேலையை முடித்துவிட்டால் ஆவணியில் வியாபாரம் பிடித்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. அதைப் பெரிய சாமர்த்தியம் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

சத்திரத்து வாசலில் மானேஜர் வரதராஜன் நின்றிருந்தார். பளிச்சென்று நாமம், தோளில் துண்டு, கையில் எங்கள் பில்.

"வாங்கோ வாங்கோ! சூரிய பகவானோட ஏஜென்ட் வந்துட்டார்! நேத்து ஆந்திராலேர்ந்து ஒரு கோஷ்டி. தீர்த்தமாடப் போனவா அத்தனை பேரும் ஐயோன்னு கத்திண்டு வெளியே வரா. ஒரு வயசான மாமி என்னைப் பார்த்துக் கேக்கறா, வெந்நீர்னு சொன்னேளே, அது என்னிக்கு வெந்ததுன்னு."

"சாமி, இன்னிக்கு ஒரு நாள் டயம் குடுங்க. பார்த்துடறோம்."

"மூணு மணிக்கு டயர் மாட்டு வண்டி வரது. நானே சொல்லி வெச்சுட்டேன். மூணு மணிக்கு டேங்கிலே கைவெச்சா சுடணும். இல்லேன்னா வண்டியிலே ஏத்திண்டு போயிண்டே இருங்கோ. எனக்கு சவுக்கு விறகும் பாய்லரும் இருக்கு. ராத்திரிக்கு ஜனங்க வந்துடுவா."

8.50க்கு மாடி ஏறினோம். வெயில் விழுந்திருந்தது. கண்ணாடியில் தூசி இல்லை, குழாயில் கசிவு இல்லை. டேங்க் பேனலைவிட உயரத்தில்தான் இருக்கிறது. ஒன்பது மணிக்கு பேனலிலிருந்து வெளியேறும் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் பிடித்தான். முப்பத்தெட்டு.

"ஆடியில ஐம்பதுண்ணே" என்றான். "பன்னெண்டு டிகிரி எங்க போச்சு?"

மார்கழியில் வெயில் சாய்ந்து வருகிறது, குளிர் இருக்கிறது, கொஞ்சம் குறையத்தானே செய்யும் என்றேன். அவன் கேட்கவில்லை. ஒவ்வொரு பேனலாக உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். நான்காவது மற்றவை அளவுக்குச் சுடவில்லை என்றான். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"பத்தவைக்கும்போது உள்ள ஈயம் வழிஞ்சு அடைச்சிருக்கும். என் கைத்தப்பு. அறுத்துப் பார்த்துடறேன்."

"முத்து, அறுத்தா அது போச்சு. இன்னிக்கு ஒட்ட முடியாது."

"அடைச்சிருந்தா எட்டும் அடைச்சிருக்கும்ணே. அப்புறம் நான் எதுக்கு ஷெட்டுக்குப் போகணும்?"

வால்வை மூடி, கண்ணாடியைக் கழற்றி, ரம்பத்தை வைத்துவிட்டான். செம்பு அறுபடுகிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அறுத்தது, பத்து வருஷம் பாய்லர் குழாய்களைப் பற்றவைத்த கை.

குழாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தான். தீப்பெட்டி கிழித்துப் பார்த்தான். துளி ஈயம் இல்லை. துலக்கிக் கவிழ்த்த டம்ளர்போல சுத்தமாக இருந்தது.

அவனுக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "தப்பு இருந்தா சரி பண்ணலாம்ணே. தப்பே இல்லாம தண்ணி ஆறுனா என்ன பண்றது?"

மீதி ஏழையும் இணைத்து மறுபடி ஓடவிட்டோம். பத்து மணிக்கு ஐம்பது. பதினொன்றுக்கு ஐம்பத்தேழு. நன்றாகவே ஏறியது. எனக்கு உடனே வியாபாரி புத்தி வந்துவிட்டது: தண்ணீர் சுடுகிறது, யாரோ திறந்துவிட்டு வீணாக்குகிறார்கள். இறங்கிப் போய் மானேஜரிடம் அதையே சொன்னேன். சமையற்கட்டுக்குத் திருட்டுத்தனமாகக் குழாய் போகிறதா என்றுகூடக் கேட்டுவிட்டேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "தளிகைக்குக் கிணத்து ஜலம்தான், ஓய்! உம்ம வாஷரும் ரப்பரும் தொட்ட ஜலத்தைத் தளிகையிலே சேர்ப்போம்னு நெனைச்சீரா? பெருமாள் சன்னிதித் தெருவிலே நின்னுண்டு திருட்டுங்கறீர்!"

மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தவர் 'நீர்' என்று இறங்கியதும், வேலை கைவிட்டுப் போனது என்று தெரிந்துகொண்டேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

மாடிக்குத் திரும்பியபோது 11.45. சவரிமுத்து டேங்குக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில், கழுத்தில் உறைத்துக்கொண்டிருந்த வெயில் உறைக்கவில்லை. மேகம் என்று நினைத்து அண்ணாந்து பார்த்தேன். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

மாடியின் மேற்குக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி ஒரு நிழல் உள்ளே வந்துகொண்டிருந்தது. அதன் ஓரம் நேர்கோடாக இல்லை. குச்சி குச்சியாக, பல் பல்லாக இருந்தது. முதல் பேனலின் மூலையை மூடியிருந்தது. மணி 11.50.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தெற்கே திரும்பினோம். கோபுரம். சாரம் கட்டிய மூங்கிலும் கீற்று மறைப்புமாக, ராஜகோபுரம் வானத்தை அடைத்துக்கொண்டு நின்றது.

இந்தத் தலைமுறைக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். அந்தக் கோபுரம் காலங்காலமாக அடித்தளத்தோடு நின்றுபோன மொட்டைக் கோபுரம். நாங்கள் அப்படித்தான் சொல்லிப் பழக்கம். அந்த வருஷங்களில்தான் நிலை மேல் நிலையாக எழும்பிக்கொண்டிருந்தது. ஊரே தினம் நின்று பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போகும். நானும் ஒவ்வொரு தடவையும் அதன் வழியாகத்தான் நுழைந்தேன், அண்ணாந்து பார்த்தேன். அது நிழல் போடும் என்று மட்டும் தோன்றவில்லை.

ஆடியில் நான் மாடி பார்த்தபோது நட்ட நடு மத்தியானம். துளி நிழல் இல்லை. ஏனென்றால் நம் ஊரில் ஆடியில் உச்சி வெயில் வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். கோபுரத்து நிழல் தெற்கே விழும். மார்கழியில் சூரியன் நாள் முழுக்கத் தெற்கே. நிழல் எங்கள் மாடிமேல். அதற்குப் பிறகு நான் வந்ததெல்லாம் காலை எட்டு மணிக்கு. பத்துக்குக் கடை திறக்க வேண்டுமே! நாலு மாதத்தில் ஒரு நாள்கூட மத்தியானம் அந்த மாடியில் நான் நிற்கவில்லை.

சவரிமுத்து எழுந்து சாக்பீஸ் துண்டால் பேனல் ஓரத்தில் கோடு போட ஆரம்பித்தான். 12.10க்கு நான்கு பேனல் மூடியது. 12.25க்கு எல்லாம் மூடியது. ஐம்பத்தெட்டில் இருந்த தெர்மாமீட்டர் நாற்பதுக்கு இறங்கியது. நல்ல வெயில் அடிக்கிற நேரம் முழுக்க நிழலிலேயே போகிறது. நிழல் நகர்ந்து வெயில் திரும்பியபோது 2.40. அதற்குப் பிறகு வருகிற வெயிலில் சட்டைகூடக் காயாது.

நடுவில் கீழே இறங்கி, கோபுரத்தடி டீக்கடையில் நின்ற ஒரு சாரக்காரரிடம் கேட்டேன். "இன்னும் எவ்வளவு உசரம் வருங்க?"

"இன்னும் நிறைய இருக்குங்க. முடிஞ்சா இருநூறு அடிக்கு மேல. ஏங்க, பயமா இருக்கா?" என்று சிரித்தார்.

பயம்தான். சவரிமுத்து நண்பகலில் ஒரு பன்னிரண்டு அங்குல ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்திப் பார்த்திருந்தான். நிழல் எட்டு அங்குலம். அதை இருநூறு அடிக்குப் பெருக்கினான், நூற்று முப்பது அடிக்கு மேல் வந்தது. பேனலை வடக்குக் கோடிக்குத் தள்ளினாலும் கோபுரம் வளர வளர நிழல் துரத்திக்கொண்டு வரும். அந்த மாடியில் மார்கழிக்குத் தப்பிக்க ஒரு மூலைகூடக் கிடையாது.

மூன்று மணிக்கு மானேஜர் மேலே வந்து டேங்குக் குழாயைத் திறந்து கையை வைத்தார். வெதுவெதுப்புதான். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் கோபுரத்தைக் காட்டி, ஸ்கேல் கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தினம் காலம்பற இதைச் சேவிச்சுட்டுத்தான் நானும் உக்கார்றேன். எனக்கும் தோணலையே! சரி, பெருமாள் கோபுரத்தை நிறுத்துங்கோன்னு யார்கிட்டப் போய்ச் சொல்றது? பங்குனியிலே வெயில் வந்துடுமோல்லியோ? அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே."

விற்றது விற்றதாகவே இருந்துவிடும். தலையாட்டினால் போதும். 'சரி' என்பது வாய் வரைக்கும் வந்தது. லூர்து காலையில் கேட்டதும் ஞாபகம் வந்தது. "பங்குனியில வெந்நீர் யாருக்கு வேணும் சாமி? உங்களுக்கு வேணும்கிற மாசத்துல இது வராது. எடுத்துக்கிட்டுப் போறேன். மாடி பார்த்தது என் தப்பு" என்றேன்.

"திருட்டுன்னு சொன்னதுக்கு?"

"அதுவும் என் தப்பு."

"ரெண்டாச்சு" என்று விரலை மடக்கிக் காட்டிவிட்டுக் கீழே போனார். போகிற போக்கில் எங்களுக்கு மோர் அனுப்பச் சொன்னது கேட்டது.

கண்ணாடிகளை வைக்கோல் வைத்து ஆட்டோவில் அனுப்பினேன், பதினெட்டு ரூபாய். பேனல்களும் டேங்கும் டயர் வண்டியில். துவாக்குடி வரைக்கும் வண்டிக்கு எழுபது ரூபாய். சத்திரம் பஸ் நிலையம் வரைக்கும் நாங்களும் வண்டியின் பின்பக்கம் தொற்றிக்கொண்டோம். காவிரிப் பாலத்தில் மாடுகள் மெதுவாக ஏறின. பின்னாலிருந்து பஸ்காரன் ஹாரன் அடித்துத் தொலைத்தான்.

"முத்து, திங்கக்கிழமை போய்க் கடிதத்தைத் திரும்ப வாங்கிடு. பேனல் நல்ல பேனல்தான். ஆனா இந்த ஊர்ல ரெண்டு மாசம்தான் குளிரு. அந்த ரெண்டு மாசம்தான் வெயிலும் சாய்ஞ்சு அடிக்குது. இதை நான் உங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். சொன்னா நீ வரமாட்டியோன்னு சொல்லல."

அவன் பாலத்துக்குக் கீழே மணலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பேனல்ல தப்பு இல்லையே?"

"இல்ல."

"பத்தவெச்சதுல?"

"இல்லடா. நீதான் அறுத்துப் பார்த்தியே."

"அப்ப தப்பு உங்களோடது. வேலையை நான் ஏன்ணே மாத்தணும்? மாடி பார்க்கிற வேலையை நீங்க விடுங்க."

வண்டிக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை என்று தெரிந்தது.

அங்கிருந்து பஸ்ஸில் கைலாசபுரம் போய், இருட்டுகிற நேரம் லூர்துவிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன், பங்குனியில் வெந்நீர் யாருக்கும் வேண்டாம் என்பதையும் சேர்த்து. அவள் மெஷினை நிறுத்தாமல் கேட்டாள். "சரிண்ணே. இனி அவர் முடிவு பண்ணட்டும்" என்றாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு நான் கடையில் கல்லாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். பத்தரைக்கு சவரிமுத்து வந்தான். ஆபீசுக்குப் போகவில்லை. ஒரு தாளை நீட்டினான். இனிமேல் எந்த மாடியையும் அவன் மத்தியானம் நின்று பார்த்து, தெற்குப் பக்கம் இருக்கிறதையெல்லாம் ஸ்கேல் வைத்து அளந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் நான் ஆர்டர் வாங்க வேண்டும். "இதுல கையெழுத்துப் போடுங்கண்ணே" என்றான். போட்டேன்.

எழுதிக் கேட்ட தம்பிகளுக்கு: சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு இப்போதும் பஸ்ஸுக்குக் குறைச்சல் இல்லை, ஆட்டோவுக்குப் பேரம் பேசாமல் ஏறாதீர்கள். காலையில் போய் மாடி பார்த்துவிட்டுக் கடைக்கு ஓடாதீர்கள். பத்து மணிக்கு ஏறி மூன்று மணிக்கு இறங்குங்கள், தொப்பி கொண்டு போங்கள். ஆடியில்தான் போக முடிகிறது என்றால், தெற்கே நிற்கிற எதுவானாலும் அதன் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு தூரத்துக்கு மார்கழி மத்தியானத்தில் நிழல் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையும் மாலையும் இன்னும் நீளும். இன்றைக்குத் தெற்கே எதுவும் இல்லை என்றால், பக்கத்து வீட்டுக்காரர் மாடி எடுக்கப்போகிறாரா என்று விசாரியுங்கள். அவர் சொல்லமாட்டார், அவர் வீட்டுக் கொத்தனார் சொல்லுவார். மின்சார பேனலுக்கு நிழல் இன்னும் ஆகாது. ஒரு ஓரம் மூடினாலே நிறைய போய்விடும் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். டவுன் பக்கம் போர் தண்ணீர் உப்பு, குழாயில் சுண்ணாம்பு படியும், அதற்கு வருஷம் ஒரு தடவை ஆள் போக வேண்டும் என்பதை விற்கும்போதே சொல்லிவிடுங்கள்.

அந்த ஏழு பேனலும் பிறகு கண்டோன்மென்ட் பக்கம் ஒரு மருத்துவமனையில், தெற்கே மைதானம் மட்டும் இருக்கிற கூரையில் ஏறின. ஆஸ்பத்திரிக்குப் பங்குனியிலும் வெந்நீர் வேண்டும் என்பதைக் கண்டுபிடித்தவன் நான்தான், அதையாவது சொல்லிக்கொள்கிறேன். அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் நான் கொண்டுவந்த இரண்டு பெரிய ஆர்டர்களுக்குச் சவரிமுத்து கையெழுத்துப் போட மறுத்தான். ஒன்றுக்குத் தெற்கே தென்னந்தோப்பு, ஒன்றுக்குப் பக்கத்தில் சினிமா தியேட்டர் கட்ட அஸ்திவாரம் தோண்டியிருந்தார்கள். இரண்டு தடவையும் கடையிலேயே வைத்துச் சண்டை போட்டேன், இரண்டு தடவையும் அவன் அந்தத் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாக ஆறவில்லை. ஆனால் அந்த இரண்டு மாடியிலும் இன்றைக்குப் போய்ப் பாருங்கள், மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நிழல்தான்.